எந்தக் கடவுள் என்பதிலிருந்து கடவுள் எங்கே என்பது வரை

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ்க் கிறிஸ்தவம் இரயிலோடும் ரப்பரோடும் வந்து சேர்ந்தது. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, அத்தாப்புக் கூரை வேய்ந்த மரவீடுகளுக்குப் பதிலாகச் செங்கல் கட்டடங்களே எழ வேண்டும் என்று ஆங்கிலேய ஆட்சி வற்புறுத்தியதால் நகரின் தென்புறத்தில் செங்கற்சூளைகள் பெருகின; சூளைகள் நின்ற அந்த நிலமே பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் பெற்றது. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் திசைக்கு இரயில் ஓடத் தொடங்கியதும் அதே நிலத்தில் இரயில்வே ஊழியர் குடியிருப்புகள் வளர்ந்தன. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் கற்ற எழுத்தர்களும் நிலைய அதிகாரிகளும் கணக்கர்களும் அங்கே குடியேறினர்; கிள்ளானைச் சுற்றிப் பரவிய தோட்டங்களுக்கோ, கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று திரட்டிவந்த தமிழகத் தொழிலாளர்கள் பால்மரம் வெட்ட வந்தனர். இவ்விரு கூட்டத்திலும் கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினர். சிறுபான்மையினராகவே இன்றும் இருக்கிறார்கள்.

அவர்கள் ஒரே திருச்சபையினராகவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் பள்ளிகளில் படித்து வந்தவர்களுக்கு மலாயாவில் தங்கள் சபை இல்லாததால், பலர் மெதடிஸ்ட் சபையில் சேர்ந்தனர். 1897-இல் கோலாலம்பூரில் ஆண்கள் பள்ளியைத் தொடங்கியிருந்த அச்சபை, படிப்பை மதித்த அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. தரங்கம்பாடி மரபில் வந்த லுத்தரன்கள், அதாவது மார்ட்டின் லூத்தரின் சீர்திருத்தத்தைப் பின்பற்றுவோர், தாய்ச்சபை அனுப்பிய போதகர்களின் பொறுப்பில் கூடி 1924-இல் பிரிக்பீல்ட்ஸில் சீயோன் ஆலயத்தைக் கட்டினர். பிரெஞ்சுக் குருக்களின் கண்காணிப்பில் இருந்த கத்தோலிக்கருக்குப் புடு பகுதியில் அந்தோணியார் ஆலயமும், கிள்ளானில் இன்று துணிக்கடைகளும் பூக்கடைகளும் நெருங்கி நிற்கும் ஜாலான் தெங்கு கெலானாவில் 1928-இல் லூர்து மாதா ஆலயமும் அமைந்தன. ஆலயங்களின் ஆண்டுகளைச் சொல்வது எளிது. அவற்றில் முழந்தாளிட்டவர்கள் தங்கள் விசுவாசத்துக்கு என்ன காரணம் காட்டினார்கள், அவர்களிடம் யார் காரணம் கேட்டார்கள் என்பதைச் சொல்வதே வரலாற்றில் அருமையானது. ஐரோப்பிய நூல்களில் இக்கேள்வியை எழுப்புபவர் பெரும்பாலும் தத்துவப் பேராசிரியராகவோ விஞ்ஞானியாகவோ இருப்பார். கிள்ளான் பள்ளத்தாக்கிலோ பக்கத்து வீட்டுச் சைவரும், அலுவலகத்தில் அடுத்த மேசைச் சுயமரியாதைக்காரரும், தோட்டத்து வரிசைவீடான லயத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயுமே அதை எழுப்பினர். கேட்டவர் மாறியபோதெல்லாம் கேள்வியும் மாறியது.

முதலில் எழுந்தது எந்தக் கடவுள் என்ற கேள்வி. கடவுள் உண்டா என்று தமிழ்ச் சமூகத்தில் அக்காலத்தில் பெரும்பாலோர் கேட்கவில்லை. 1606-இல் மதுரைக்கு வந்த யேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி தம் ஞானோபதேச நூல்களில் கடவுள் ஒருவர் இருக்கிறார் என்பதைத் தருக்க முறையில் நிறுவ முயன்றபோது, அவர் சந்தித்த சைவர்களுக்கு அம்முறை புதிதாக இருந்திருக்க முடியாது. தோன்றி நின்று அழியும் உலகம் தானாக நிற்க இயலாது, ஆகவே அதற்கு ஒரு கர்த்தா வேண்டும் என்னும் வாதத்தை மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டிலேயே சிவஞானபோதத்தின் தொடக்கத்தில் வைத்திருக்கிறார். அதே நூற்றாண்டில் இத்தாலியில் பிறந்த தாமஸ் அக்குவினாஸ் கத்தோலிக்க இறையியலுக்கு வகுத்துக் கொடுத்த வாதங்களும் இதற்கு மிக அண்மையில் நிற்கின்றன. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் போதகர் சீகன்பால்கு, தமிழர்களிடம் சமயம் பற்றிக் கேள்விகள் அனுப்பி அவர்கள் எழுதிய விடைக் கடிதங்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலே நகருக்கு அனுப்பினார். போதிக்க வந்தவர் முதலில் கேட்க உட்கார்ந்த அக்காட்சி, பிற்காலத்துக் கண்டனத் துண்டறிக்கைகள் பலவற்றைவிட மதிப்புடையது.

யாழ்ப்பாணத்தில் அந்தப் பொறுமை நீடிக்கவில்லை. 1823-இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி, தமிழோடு வானியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் கற்பித்து, இவ்வறிவு வளர்ந்தால் மாணவர்கள் தாமாகவே கிறிஸ்துவிடம் வருவார்கள் என்று எதிர்பார்த்தது. வந்தவர்களும் உண்டு, கற்றதைக் கொண்டே திரும்பிப் போனவர்களும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான சி.வை. தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து இச்செமினரியில் படித்துப் பின்னர் சைவராக வாழ்ந்தார். பாதிரியார் பெர்சிவலோடு இருந்து விவிலியத் தமிழைச் செப்பனிட்ட சைவரான ஆறுமுக நாவலர், 1854-இல் சைவதூஷண பரிகாரம் எழுதியபோது விவிலியத்தையே எடுத்து வாதாடினார்: பழைய ஏற்பாட்டில் ஆலயமும் பலியும் தூபமும் விளக்கும் கடவுளே விதித்த வழிபாடாக இருக்கும்போது, சைவக் கோயிலில் நடக்கும் அதே போன்ற கிரியைகளை அஞ்ஞானம் என்று பழிப்பது எந்த நியாயம் என்று கேட்டார். எதிராளியின் நூலை எதிராளியைவிட நுணுக்கமாகப் படித்தவரின் கேள்வி அது. வேதம் படித்த கிறிஸ்தவர்களை மீண்டும் வேதத்துக்குள் துரத்திய கேள்வியும் அதுவே.

இந்த வாதத்தின் இரு தரப்பாரும் ஒரே கப்பலில் மலாயாவுக்கு வந்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் யாழ்ப்பாணத்துச் சைவர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயிலும், 1904-இல் உருவான விவேகானந்த ஆசிரமமும், கிறிஸ்தவ ஆலயங்களும் நடந்து செல்லும் தொலைவிலேயே நின்றன. யாழ்ப்பாண வழக்கில் வேதக்காரர் என்று குறிக்கப்பட்ட கிறிஸ்தவரும் சைவரும் பல குடும்பங்களில் நெருங்கிய உறவினர். கல்யாணத்திலும் செத்தவீட்டிலும் சேர்ந்தே நின்றாக வேண்டியவர்கள். ஊரில் அச்சேறிய கடுஞ்சொற்கள் இங்கே அடங்கிப்போனதற்கு, அந்நிய மண்ணில் சொந்தக்காரரின் தயவு எல்லாருக்கும் தேவைப்பட்டது என்பதே முக்கியக் காரணமாகத் தோன்றுகிறது. ஆனால் கேள்வி ஓயவில்லை. மாமன் வீட்டுப் பூசையறையில் ஏற்றிய விளக்கைப் பார்த்து வளர்ந்த கிறிஸ்தவப் பிள்ளைக்கு, தன் பாதை ஏன் வேறு என்பதை வெறும் பழக்கத்தால் விளக்கிவிட முடியாது. அவன் ஞாயிறு பள்ளியில் கற்றதை எடைபோட்டுப் பார்க்கும் தராசு வீட்டிலேயே தொங்கியது.

இத்தனை வாதத்திலும் கிறிஸ்தவர்கள் எளிதில் விடை சொல்ல இயலாமல் தலைகுனிந்த இடம் ஒன்று உண்டு, அது சாதி. 1833-இல் ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன் சபைகளுக்குள் சாதி வேற்றுமை முற்றாக ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டபோது தஞ்சை, சென்னைப் பகுதிகளின் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் எதிர்த்தெழுந்தனர். தமிழ்ச் சபைகள் இன்றும் உருகிப் பாடும் கீர்த்தனைகளை இயற்றிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும் சாதி வழக்கத்தைக் காத்து வாதாடியவர்களில் ஒருவர். பின்னர் வந்த லைப்சிக் லுத்தரன் மிஷன் சாதியைச் சமூக ஒழுங்கு என்று விட்டுக்கொடுத்ததால், எதிர்த்தவர்களில் பலர் அதன் நிழலில் ஒதுங்கினர். மலாயாவின் லுத்தரன் சபை அந்த மரபின் பிள்ளை. எல்லாரையும் ஒரே தந்தை படைத்தார் என்று அறிக்கையிட்டுவிட்டு நற்கருணையில் ஒரே கிண்ணத்தில் அருந்தத் தயங்கிய சபையைக் கண்டவனுக்குக் கடவுள் மீதே ஐயம் வந்தால் அதை அவன் குற்றமாகக் கொள்வதற்கில்லை. தத்துவ நூல்கள் இதைக் கடவுள் மறுப்பு வாதங்களின் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆனால் தமிழர் நடுவில் இதைவிட வலிய மறுப்பு வேறில்லை.

தோட்டங்களில் விசுவாசத்தைத் தாங்கியவர் உபதேசியார். குருவானவரோ போதகரோ எப்போதாவது வந்துபோக, இடைப்பட்ட காலமெல்லாம் பிள்ளைகளுக்குச் செபம் கற்பித்து, நோயாளியைப் பார்த்து, சாவு விழுந்தால் முதலில் வந்து நின்றவர் இந்த எளிய மனிதரே. தோட்டம் கம்பெனியின் சொத்தானதால் உள்ளே நுழையவும் துரையின் இசைவு வேண்டியிருந்தது. விடியுமுன் பெரட்டு என்னும் வருகைப் பதிவுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, பால் வெட்டி, வாளி சுமந்து, பிற்பகலில் திரும்பிய தொழிலாளர் மாலையில் லயத்து வாசலில் உட்கார்ந்தபோதுதான் அவரால் கற்பிக்க முடிந்தது. அவர் கையில் இருந்த ஞானோபதேசம் கேள்வியும் விடையுமாக அமைந்த சிறு நூல். லூத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் ஒவ்வொரு கட்டளைக்கும் அடுத்து அதன் பொருள் கேட்கப்பட்டு விடை தரப்படும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் காதால் கேட்டு மனனம் செய்ய ஏற்ற வடிவம் அது. மனப்பாடம் என்று இதை இகழ்வோர், கேட்கப்பட்டால் விடை சொல்ல வேண்டும் என்ற பழக்கத்தை அந்நூல் கூலி மக்களுக்குக் கொடுத்ததைக் கவனிப்பதில்லை. துரைக்கு முன்னும் கங்காணிக்கு முன்னும் வாய்திறக்கக் கூடாதவர்களிடம் நீ என்ன நம்புகிறாய் என்று ஒரு நூல் மரியாதையோடு கேட்டது.

1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்தார். ஈப்போவில் கூடிய அகில மலாயாத் தமிழர் மாநாட்டிலும் பிற நகரங்களிலும் அவர் பேசிய பேச்சுகள், அவருடைய குடியரசு இதழ் ஏற்கெனவே விதைத்திருந்த எண்ணங்களை ஊன்றச் செய்தன. சாதியையும் சடங்கையும் தாக்கிய அவருடைய சுயமரியாதை இயக்கம் அவற்றுக்குக் காவல் நிற்கும் கடவுளையும் தாக்கியது. பெர்ட்ரண்ட் ரசல் தாம் ஏன் கிறிஸ்தவர் அல்லர் என்று விளக்கி 1927-இல் லண்டனில் ஆற்றிய உரை சுயமரியாதை இயக்க வெளியீடாகத் தமிழிலும் வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வேண்டுமென்றால் கடவுளுக்கும் காரணம் வேண்டுமே, கடவுளுக்கு வேண்டாமென்றால் உலகத்துக்கு மட்டும் ஏன் வேண்டும் என்பது அவ்வுரையின் வாதங்களில் ஒன்று. கூர்மையான வாதம், எனினும் குறி சற்றுத் தவறியது. இருப்பவை யாவற்றுக்கும் காரணம் உண்டு என்று மெய்கண்டாரோ அக்குவினாஸோ சொல்லவில்லை; தோன்றி மறைபவற்றுக்கே, இல்லாமலும் இருந்திருக்கக்கூடியவற்றுக்கே காரணம் தேடினர். உலகம் அத்தகையதா, அன்றித் தன்னளவில் நிற்பதா என்பதில்தான் மெய்யான வழக்கு இருக்கிறது. அவ்வழக்கை அறிவியல் இன்னும் தீர்த்துவைக்கவில்லை. இதில் வியப்புக்குரிய ஒன்று நிகழ்ந்தது. நூறாண்டுக் காலம் எதிரெதிரே நின்ற சைவரும் கிறிஸ்தவரும், கடவுள் உண்டா என்ற புதிய கேள்விக்கு முன் ஒரே பக்கத்தில் நிற்பதைக் கண்டனர். ஆனால் சாதி பற்றிச் சுயமரியாதைக்காரர் சொன்னதற்கு இரு தரப்பிலும் விடையில்லை. அவர் சொன்னது மெய். அந்த மெய்யைக் கேட்டு மனம் திருந்தியிருக்க வேண்டியவர்களில் சபையே முதலில் இருந்திருக்க வேண்டும்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தம் அதே உண்மையை வேறு மொழியில் சொன்னது. ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்ற அப்போராட்டத்தில் தொழிலாளர் கூலி உயர்வோடு, துரையும் தோட்டத்து எழுத்தரான கிராணியும் எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டிய வழக்கத்தை ஒழிக்கவும், கள்ளுக்கடைகளை மூடவும், கொடுமை செய்யும் கிராணிகளை நீக்கவும், உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோகவும் கேட்டனர். அரசு நாதனை நாடுகடத்தியது, படையை வரவழைத்தது. தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். கிராணிகளில் கிறிஸ்தவரும் இருந்தனர் என்பதை மறைப்பதில் பயனில்லை. அடுத்த ஆண்டு ஜப்பானியர் ஆட்சி. சயாமிலிருந்து பர்மாவுக்கு இரயில்பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டுசெல்லப்பட்டு, வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மடிந்தனர். ஆண்களை இழந்த லயங்களில் பெண்களும் பிள்ளைகளும் நின்றனர்.

இங்கே கேள்வி மூன்றாம் வடிவம் கொள்கிறது. கடவுள் உண்டா என்று அந்தத் தாய்மார்கள் கேட்டதைவிட, கடவுள் எங்கே போனார் என்று கேட்டதே அதிகம். துன்பம் ஏன் என்பதற்கு இறையியலார் தரும் விளக்கங்கள், மனிதனின் தன்விருப்பம், சோதனை வழியாக வரும் பக்குவம் போன்றவை, சயாம் காட்டில் புதைகுழியும் இல்லாமல் போனவனின் மனைவியிடம் சொல்லத் தக்கவை அல்ல. சொல்பவர் தம்மையே தேற்றிக்கொள்கிறார் என்றுதான் படும். சபையிடம் இருந்தது வேறொன்று: என்னை ஏன் கைவிட்டாய் என்று கடவுளைக் கேட்டே செத்த ஒருவனின் உருவம் அதன் நடுவில் தொங்கியது. துன்பத்தை அது விளக்கவில்லை. துன்பத்தை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் கடவுளை நம்பச் சொல்லவும் இல்லை. யோபுவின் நூலில் துன்பத்துக்கு விளக்கம் சொன்ன நண்பர்களைக் கடவுள் கடிந்துகொள்கிறார், தம்மோடு வழக்காடிய யோபுவையோ ஏற்றுக்கொள்கிறார் என்பதை நினைத்தால், அழுது கேட்டவர்களின் ஐயம் விசுவாசத்துக்கு வெளியே நின்றதாகக் கொள்ள இடமில்லை.

போருக்குப் பிந்திய இருபது ஆண்டுகளில் இச்சபைகள் சொந்தக் காலில் நின்றன. 1955-இல் கோலாலம்பூர் தனி மறைமாவட்டமானபோது இலங்கையில் பிறந்த தொமினிக் வெந்தர்கோன் அதன் முதல் ஆயரானார். லுத்தரன் சபை 1960-களின் தொடக்கத்திலும் மெதடிஸ்ட் சபை 1968-இலும் தன்னாட்சி பெற்றன. இக்காலத்தில் கோலாலம்பூரில் விசுவாசத்துக்கு மிக அழகான சாட்சியாக வாழ்ந்தவர் வாதம் எதையும் முன்வைக்காத ஒரு கத்தோலிக்கக் குரு. யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையில் 1913-இல் பிறந்த தனிநாயகம் அடிகள், 1961-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைக்குத் தலைமையேற்றார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டிச் சைவரையும் பகுத்தறிவாளரையும் ஐரோப்பிய அறிஞரையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தார். அந்தாம் தெ புரோயென்சா என்ற யேசு சபைக் குருவின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சாகி மறக்கப்பட்டுக் கிடந்தது. அதை அடிகள் தேடி எடுத்து, அதே 1966-இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார். கிறிஸ்தவம் தமிழுக்கு அந்நியம் என்ற குற்றச்சாட்டுக்கு அவர் மறுப்பு எழுதிக்கொண்டிருக்கவில்லை. தமிழுக்கு உழைத்தார், அவ்வளவே.

1969 மே இனக் கலவரத்துக்குப் பிறகு, 1970-இல் மலேசியா ருக்குன் நெகாரா என்னும் நாட்டுக் கோட்பாட்டை வகுத்தது; அதன் முதல் கூறு இறைவன் மீது நம்பிக்கை. பள்ளிகளில் மாணவர்கள் இதை உறுதிமொழியாகச் சொல்லி வளர்கிறார்கள். 2017-இல் கோலாலம்பூரில் நாத்திகர் சிலர் கூடிய படமொன்று வெளியானபோது, அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று அமைச்சர் ஒருவரே பேசினார். கடவுள் நம்பிக்கை நாட்டின் கொள்கையாகிவிட்டது கிறிஸ்தவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி என்று நினைப்பது தவறு. ஐயத்தை வாய்விட்டுச் சொல்ல இடமில்லாத ஊரில், நம்புகிறேன் என்ற சொல்லின் மதிப்பும் குறைகிறது. மேலும், அரசு கேட்கும் நம்பிக்கையும் நற்செய்தி கேட்கும் நம்பிக்கையும் ஒன்றல்ல; அரசு பலரை விசாரணையின்றித் தடுத்துவைத்த 1987-இன் லாலாங் நடவடிக்கையில் கைதானவர்களில், ஏழைகளுக்காகப் பணியாற்றிய திருச்சபை ஊழியர்களும் இருந்தனர்.

1970-களுக்குப் பிறகு தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாற, லயங்களோடு தோட்டத்துச் செபக்கூடங்களும் மறைந்தன. நகரின் மலிவு அடுக்குமாடிகளுக்கு வந்தவர்களில் பலரை ஏற்றுக்கொண்டவை பெந்தெகொஸ்தே சபைகள், அதாவது தூய ஆவியின் வரங்களையும் செபத்தால் வரும் சுகத்தையும் வலியுறுத்தும் சபைகள். ஆலயம் கட்ட நிலமும் அனுமதியும் எளிதில் கிடைக்காததால் இவை கடைவீடுகளின் மாடியில் கூடுகின்றன: கீழே மளிகைக் கடையோ பட்டறையோ இருக்கும், குறுகிய படியேறினால் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒலிபெருக்கி, சுவரில் ஒளிரும் பாடல் வரிகள். 2015 ஏப்ரலில் பெட்டாலிங் ஜெயாவின் தாமான் மேடானில் இத்தகைய சபையொன்றின் முகப்பிலிருந்த சிலுவையை அகற்றச் சொல்லி அக்கம்பக்கத்தார் சிலர் திரண்டபோது சிலுவை இறக்கப்பட்டது. இங்கே விசுவாசத்துக்குக் காரணம் கேட்டால் வாதம் வராது, சாட்சி வரும்: குடியை விட்ட கணவன், தீராத நோய் தீர்ந்த பிள்ளை. படித்தவர்கள் இதை அறியாமை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கள்ளுக்கடையை மூடச் சொல்லி 1941-இல் போராடிய மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு, குடி நின்ற வீடு சிறிய காரணம் அன்று. அதே சமயம், சுகம் கிடைக்காத வீட்டுக்கு விசுவாசக் குறைவு என்று பழிசுமத்தும் போதனை, யோபுவின் நண்பர்கள் செய்த தவற்றையே மீண்டும் செய்கிறது. இதை அச்சபைகளின் போதகர்கள் கண்டிக்கத் தயங்கக் கூடாது.

2010 மக்கள்தொகைக் கணக்கின்படி மலேசிய இந்தியரில் ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் இந்துக்கள், 6 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வளரும் இளைஞர்கள் பலர் தமிழ் ஆராதனையை விட்டு ஆங்கில ஆராதனைக்குப் போகிறார்கள். அவர்கள் கையிலிருக்கும் விடைகளும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை, பரிணாமம் பற்றியும் பிரபஞ்சத்தின் தொடக்கம் பற்றியும் மேல்நாட்டில் எழுந்த வினாக்களுக்கானவை. சென்னையில் பிறந்து அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் கிறிஸ்தவத்துக்காக வாதாடிய ரவி சகரியாஸின் உரைகளை அப்படித்தான் பலர் கேட்டு வளர்ந்தனர்; அவர் இறந்த மறு ஆண்டு, 2021-இல், அவர் பெண்களுக்குச் செய்த பாலியல் கொடுமைகளை அவருடைய அமைப்பே நடத்திய விசாரணை உறுதிசெய்தது. வாதங்கள் அதனால் பொய்யாகிவிடவில்லை. ஆனால் தஞ்சையில் 1833-இல் சபைக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது: கேட்டவன் வாதத்தை விட்டுவிட்டுச் சொன்னவனைப் பார்த்தான். இன்று திடப்படுத்தல் வகுப்பில், அதாவது சிறுவயதில் பெற்ற ஞானஸ்நானத்தைத் தாமே ஏற்றுக்கொள்ள இளையோரைத் தயார்ப்படுத்தும் வகுப்பில், பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் நாவலர் காலத்துக் கேள்வியின் மறுவடிவம்: நல்லவளாக வாழ்ந்து செத்த இந்துப் பாட்டி எங்கே இருக்கிறாள்? பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை மறுப்பதில்லை என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்ததைக் கத்தோலிக்க ஆசிரியர் எடுத்துக்காட்டலாம். லுத்தரன் போதகர் கடவுளின் இரக்கத்துக்கு எல்லை வகுக்கத் தமக்கு அதிகாரமில்லை என்று சொல்லலாம். அதற்கு மேல் அந்தப் பிள்ளை கேட்டால், ஞானோபதேச நூலை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்து பேசும் ஆசிரியர்கள் இச்சபைகளுக்கு இன்னும் பலர் வேண்டியிருக்கிறார்கள்.